சீட்டு விழாதவன்

சீட்டு விழாத வயிற்றெரிச்சலில்தான் வக்காஸ் போரை எதிர்க்கப் போனான் என்று இஸ்கெந்தரூன் மினிபஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

2003 பிப்ரவரி. இராக் மேல் படையெடுக்க அமெரிக்கர்களுக்கு நம் மண் வழியாகப் பாதை வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்று தலைநகர் அங்காராவில் நாடாளுமன்றம் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் அவர்கள் கப்பல்கள் எங்கள் துறைமுகத்தில் வந்து நின்று சாமான் இறக்க ஆரம்பித்துவிட்டன. பெண் கேட்க வந்தவன் கையோடு கட்டிலையும் கொண்டுவந்து இறக்கின கதைதான். வந்த ஆட்களை ஓட்டலிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கூட்டிவர, மாத வாடகைக்கு மினிபஸ் கேட்டு ஒரு காண்டிராக்டர் ஸ்டாண்டுக்கு வந்தார். டாலரில் கூலி. அவருக்கு வேண்டியது ஆறு வண்டி, ஸ்டாண்டில் நின்றதோ அதைப்போல மூன்று மடங்கு.

எங்கள் ஸ்டாண்டில் முறை என்றால் முறைதான். முறை தவறி ஆள் ஏற்றியவனை அண்ணன் தம்பி என்று பார்க்காமல் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே ஸ்டாண்டு தலைவர் சப்ரி தன் தொப்பியைக் கழற்றி, எல்லார் பேரையும் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கினார். ஆறு பேர் தேறினார்கள். எவன் வண்டியாவது படுத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று ஏழாவதாக எடுத்த சீட்டில் வக்காஸ் பேர் இருந்தது. வக்காஸ் சிரித்து மழுப்பினான். அவன் வண்டி இன்ஜின் அப்போது டீசலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது. பெலென் மலை ஏற்றத்தில் பாதிப் பேரை இறக்கி நடக்கவிட்டுத்தான் மேலே போகும். புது இன்ஜின் போடாவிட்டால் அந்த வண்டிக்கு வரும் கோடை கிடையாது.

இரண்டு நாள் கழித்து டிரிப் போன இடத்தில், துறைமுக வாசலில் ஆர்ப்பாட்டக்காரர்கள் ரோட்டை மறித்துவிட்டார்கள். என்ன சங்கதி என்று பார்க்க வக்காஸ் இறங்கினான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கப்பலிலிருந்து ஆம்புலன்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, துடைத்து வைத்த மாதிரி, சிவப்புச் சிலுவை போட்டு வரிசையில் நின்றன. வக்காஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வண்டியிலிருந்த பயணிகள் ஹார்ன் அடித்ததுகூடக் காதில் ஏறவில்லை. மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். அதற்கு மறுநாள், நடக்கமாட்டாத கிழவர்களையும் தட்டிகளையும் தன் வண்டியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு போனான்.

ஸ்டாண்டு டீக்கடையில் அவனை வைத்துத்தான் பொழுது போனது. ஆளை உரிப்பதில் நெஜாத்தி கெட்டிக்காரன். வக்காஸைவிட நாலு வயது சின்னவன், சீட்டு விழுந்த ஆறு பேரில் ஒருத்தன்.

"ஏண்ணே, போன வாரம் தொப்பியையே மொறச்சுக்கிட்டு நின்னியே, அப்ப இராக்குல மனுசங்க இல்லையா? இந்த வாரந்தான் குடி வந்தாங்களா?"

"ஆம்புலன்ஸ் பாத்தேன்டா. இன்னும் ஒரு குண்டு வெடிக்கல, அடிபடப் போறவனுக்கு வண்டி வந்து நிக்குது."

"அது அவங்க ஆளுங்களுக்கு. உனக்கென்ன வந்துச்சு?"

"அடிக்கப் போறவனுக்கே அவ்வளவு வேணும்னா, வாங்கப் போறவனுக்கு எவ்வளவு வேணும்? அங்க யாரு கொண்டாந்து நிறுத்துவா?"

"நல்லாத்தான் பேசுற. சீட்டு விழுந்திருந்தா அந்த ஆம்புலன்ஸ் டிரைவரையே ஏத்திக்கிட்டு, 'ஏசி போடட்டுமா சார்'னு கேட்டிருப்ப."

கடையே சிரித்தது. வக்காஸ் டீயை ஒரே மடக்கில் முழுங்கிவிட்டு எழுந்து போனான்.

பாவி சொன்னது உள்ளே தைத்துவிட்டது. வண்டி ஓட்டும்போதும், டயருக்குக் காற்றடிக்கும்போதும் அதே நினைப்பு. சீட்டு விழுந்திருந்தால் அந்த ஆம்புலன்ஸ் என் கண்ணில் பட்டிருக்குமா? கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்துக்கொண்டு உள்ளே போயிருப்பேனோ? சாகப்போகிறவனுக்காகக் கத்துகிறேனா, எனக்கு வராத டாலருக்காகக் கத்துகிறேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல் என்று தன்னையே கேட்டான். தொட்டுப் பார்த்தால் இரண்டும் இருக்கிற மாதிரி இருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தான். வசவு வாங்கினான்.

டிவியைப் போட்டால் அங்கேயும் இதே கச்சேரிதான். டை கட்டிய ஒருவர், தெருவில் நிற்பவர்களுக்கு பாக்தாத்திலிருந்து காசு வருகிறது என்றார். இன்னொருவர், காசெல்லாம் இல்லை, இவர்களுக்குப் போர் ஒரு சாக்கு, அமெரிக்காவைப் பிடிக்காது, அவ்வளவுதான் என்றார். மூன்றாமவர், எல்லாம் அடுத்த தேர்தலுக்கான ஒத்திகை என்றார். எதற்காக வருகிறார்கள் என்று மணிக்கணக்காகப் பேசினார்களே தவிர, வந்தவர்கள் சொல்வது சரியா தப்பா என்று ஒருத்தரும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

சரி, துறைமுக வாசலிலாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. தொழிற்சங்கத்துக்காரர்கள் பள்ளிவாசல் கூட்டத்தைக் காட்டி, "இவங்க முஸ்லிம் சாவுறான்னுதான் வந்திருக்காங்க, வேறவன் செத்தா வருவாங்களா?" என்று முணுமுணுத்தார்கள். பள்ளிவாசல் கூட்டம் இவர்களைக் காட்டி, "இவங்களுக்குக் கப்பல்ல இருக்கிற கொடிதான் ஆகாது. ரஷ்யாக் கொடின்னா பூச்செண்டு கொண்டாந்திருப்பாங்க" என்றது. இரண்டு பேருக்கும் பொதுவான சந்தேகம் ஒன்று உண்டு. அது வக்காஸ்.

சங்கத்து இளவட்டம் ஒருவன் அவன் காதுபடவே கேட்டான். "ஸ்டாண்டு பூரா அவங்களுக்கு ஓட்டுது. இந்த ஆளு மட்டும் நமக்கு எதுக்கு ஓசியில ஓட்டுறாரு? வேவு பாக்கவா?"

கூட்டத்தை நடத்தியவர் பெஹிஜே. ரிட்டயர்டு டீச்சர், குட்டையான மனுஷி, குரல் மட்டும் கப்பல் ஹார்ன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒவ்வொருத்தர் மனசையும் தோண்டிப் பாத்துட்டுத்தான் சேக்கணும்னா நான் மட்டுந்தான் இங்க நிக்கணும். அதுகூட நிச்சயமில்ல. தட்டியைப் பிடி" என்றார்.

அன்றைக்கு வீட்டில் அவன் மனைவி சிடிகாவும் பிடித்துக்கொண்டாள்.

"மனுசா, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லு. நீ எதுக்கு அங்க போற?"

"போர் வேணாம்னுதான்."

"அது அங்க இருக்கிற எல்லாரும் சொல்றது. நீ எதுக்குப் போற?"

"எனக்கே தெரியல சிடிகா. தெரிஞ்சா நல்லா இருக்கும்."

பிப்ரவரி கடைசி வாரம் ஒப்பந்த வண்டிகளில் ஒன்றின் கியர்பாக்ஸ் நடுரோட்டில் கழன்றுகொண்டது. சப்ரி நேரே வக்காஸிடம் வந்தார். "அடுத்த சீட்டு உன்னுதுதான். திங்கக்கிழமையிலேருந்து ஓட்டணும். வேணுமா, வேணாமா?"

டீக்கடையில் பகடைச் சத்தம் நின்றது. வக்காஸ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். "யோசிக்க என்ன இருக்கு, வாங்கிக்குவாரு பாருங்க" என்றான் நெஜாத்தி.

அவஸ்தை என்றால் அதுதான் அவஸ்தை. மாட்டேன் என்று சொல்லிவிட ஆசை நாக்கு நுனி வரை வந்தது. உடனே உள்ளிருந்து ஒருத்தன் கேட்டான்: யாருக்காக மாட்டேன் என்கிறாய்? இராக்கில் இருப்பவனுக்காகவா, நெஜாத்தி வாயை அடைக்கவா? நெஜாத்தி மூஞ்சி சுருங்குவதைப் பார்க்கத்தான் என்றால் அதற்காக ஒரு இன்ஜினை விடுவதா? சரி என்றாலும் கேவலம், மாட்டேன் என்றாலும் சுத்தமில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாகிவிட்டது. இவ்வளவு அழுக்கு மனசை வைத்துக்கொண்டு எனக்கு எதற்குக் கொடியும் கோஷமும், பேசாமல் பிழைப்பைப் பார்ப்போம் என்று சப்ரியிடம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டான்.

சொல்லாமல் நின்றுவிடுகிற ஆள் இல்லை அவன். மறுநாள் காலை துறைமுக வாசலுக்குப் போனான்.

"டீச்சர், திங்கக்கிழமையிலேருந்து நான் உள்ள ஓட்டுறேன்."

பெஹிஜே அவனைத் திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா. வண்டியில நம்ம தட்டி கெடக்கும், இறக்கி வெச்சிட்டுப் போ" என்றார். அவன் ஒவ்வொன்றாக இறக்கி வேலியோரம் சாய்த்து வைத்தான். அந்தச் சங்கத்து இளவட்டம், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றான். வக்காஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் முதல் தேதி, சனிக்கிழமை. நாடாளுமன்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். ஸ்டாண்டில் ஒரு வண்டி நகரவில்லை, எல்லாரும் டீக்கடை டிவி முன்னால் கிடந்தார்கள். பயணிகளும் திட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் செய்தி வந்தது: தீர்மானம் நிறைவேறியது.

கடை குதித்தது. சப்ரி எல்லாருக்கும் தன் கணக்கில் டீ சொன்னார். நெஜாத்தி ஓடி வந்து வக்காஸைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். "புது இன்ஜின் போட்டாச்சுன்னு வெச்சுக்கண்ணே. நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டுறோம்." அவன் மனசில் விஷம் எதுவும் இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

அந்த ஆம்புலன்ஸ் வரிசை கேட்டைத் தாண்டி, பெலென் ஏறி, கிழக்கே போவது வக்காஸின் கண்முன்னே ஓடியது. அதற்கு முன்னால் போகிற பீரங்கி வண்டிகளும் தெரிந்தன. டீயைக் கையில் வாங்கினவன் குடிக்காமல் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே திடீரென்று பேச்சு அடங்கியது. திரும்பி வந்தான். டிவியில் இருந்தவர் தடுமாறிக்கொண்டிருந்தார். ஆதரவு ஓட்டு அதிகம்தான், ஆனால் சிலர் எந்தப் பக்கமும் போடாததால் வந்திருந்தவர்களில் பாதிக்குமேல் தேறவில்லையாம். ஆகவே சட்டப்படி தீர்மானம் நிறைவேறவில்லை. முதலில் சொன்னது தப்பு. பாதை கிடையாது.

நெஜாத்தி முக்காலியை எட்டி உதைத்தான். யாரோ நாடாளுமன்றத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். சப்ரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாக் காண்டிராக்டும் போச்சு" என்றார். கடைக்காரர் கொண்டுவந்த டீயை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டோடு நின்றார்.

வக்காஸ் சிரித்தான். வாயைப் பொத்திப் பார்த்தான், நிற்கவில்லை. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நெஜாத்தி கோபத்தை மறந்து அவன் தோளைப் பிடித்தான். "ஐயோ பாவம், ஓட்டுறதுக்கு முன்னாடியே பொழப்பு போச்சா, மனுசனுக்குப் புத்தி கலங்கிருச்சு. யாராவது தண்ணி குடுங்கய்யா." தண்ணீர் கொடுத்தார்கள். வக்காஸ் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான்.

சதுக்கத்தில் பெஹிஜே கூட்டம் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அங்கே போக அவனுக்கு முகமில்லை. மெதுவாக, புகையைக் கக்கிக்கொண்டு, வீட்டுக்கு ஓட்டினான்.

சிடிகாவுக்குச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"இன்ஜினுக்கு என்ன பண்ணப் போற?"

"தெரியல." வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். "சிடிகா, எனக்குச் சந்தோசமா இருக்கு. நெசமாவே சந்தோசமா இருக்கு. ஸ்டாண்டுல எல்லாரும் எனக்குப் பைத்தியம்னுட்டாங்க."

"இதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. ஒருத்தனும் நம்பமாட்டான்."

"நீ நம்புறியா?"

அவன் அடுப்பு மேலிருந்த சட்டி மூடியைத் தூக்கி, என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

"வேலை கெடச்ச அன்னிலேருந்து என் கையால ஒரு வாய் திங்கல நீ. இன்னிக்குத்தான் சட்டியைத் தொறக்குற" என்றாள் சிடிகா. "உக்காரு, போடுறேன்."