பொன்செல்வி ‘சுகமில்லை’ என்று சொன்ன நாள்

சாலைக் கடைத்தெருவின் அந்த வற்றல் மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளும் பெண்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் பொன்செல்வியின் முன்னால் கொட்டிய குவியல்தான் எப்போதும் முதலில் கரையும். பேசிக்கொண்டே கிள்ளுவாள், சிரித்துக்கொண்டே கிள்ளுவாள், நெடி ஏறித் தும்மும்போதுகூட விரல்கள் நிற்காது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். அவளுடைய அம்மா உட்கார்ந்து கிள்ளிய அதே தூணோரத்து இடம் அவளுக்கு வந்திருந்தது.

அந்த விரல்களுக்குத்தான் கண்பட்டது!

தொண்ணூற்று ஆறாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் எழுந்தபோது கை திறக்கவில்லை. மூடிய மொட்டுப்போல விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கணுவிலும் நெருப்பு வைத்ததுபோல எரிந்தது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

“ஆமவாதம், மூட்டைப் பிடிக்கிற வாதம்” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். “மாறாது. மருந்தைக் கொண்டு அடக்கி வைக்கலாம். அவ்வளவுதான்.”

ஒன்றரை வருடம் அவள் அதை அடக்கியும் மறைத்தும் ஓட்டினாள். விடியுமுன் எழுந்து வெந்நீரில் கைகளை முக்கி வைப்பாள். மாத்திரை போடுவாள். எட்டு மணிக்கு மண்டியில் சிரித்த முகத்தோடு உட்காருவாள். பக்கத்தில் உட்காரும் மார்த்தாண்டத்துக்காரி ரோஸ் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். முதலாளி பார்க்காதபோது தன் குவியலிலிருந்து இரண்டு பிடி கிள்ளிய மிளகாயை எடுத்துப் பொன்செல்வியின் குவியலில் தள்ளிவிடுவாள்.

எத்தனை நாளைக்குத் தள்ள முடியும்?

தொண்ணூற்று எட்டு ஜனவரியில் முதலாளி கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. “ஒனக்கு முடியலன்னு தெரியுது, செல்வி. எடம் ஒங்க குடும்பத்து எடம். அடுத்தவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்ல. ஒன் மகளை அனுப்பு. ஸ்கூல் தொறக்கதுக்குள்ள ஒரு பதில் சொல்லு” என்றார்.

மகள் பிரேமா ஒன்பதாம் வகுப்பு. மலையாளப் பள்ளியில் கணக்கில் முதல். அந்தப் பிள்ளை மிளகாய்க் குவியலின் முன்னால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொன்செல்வி ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். அதை மட்டும் நடக்க விடக்கூடாது.

வழி சொன்னதும் பிரேமாதான். பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த மலையாளப் பத்திரிகைத் துண்டைப் படித்துவிட்டு ஓடி வந்தாள். “அம்மா, ஊனமுள்ளவங்களுக்கு சர்க்கார் டெலிபோன் பூத் கொடுக்குது. முன்னுரிமை உண்டு. டாக்டர்மாரோட போர்டு நாற்பது சதமானம் ஊனம்னு எழுதித் தந்தா மதி, அது போதும்!”

“ஊனமா? எனக்கு ரெண்டு கையும் இருக்குட்டி.”

“இருந்தா மதியோ அம்மா? காலத்த எந்திரிச்சா ஒனக்கு கை எவிட?”

பொன்செல்வி அன்றே மனு எழுதச் சொன்னாள்.

பிப்ரவரியில் மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர்கள் மூன்று பேர் முன்னால் நிற்க வேண்டும். அவள் குடும்பத்தில் ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போவதென்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி போவார்கள். அழுக்கோடும் அழுகையோடும் அதிகாரிகள் முன்னால் போய் நிற்பது அவர்களுக்குக் கேவலம். ஆகவே அன்று வெந்நீரில் இரண்டு மடங்கு நேரம் கைகளை ஊற வைத்தாள். ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டாள். டீக்கடையில் மாஸ்டராக வேலை பார்க்கும் கணவன் பால்பாண்டி ஒரு மணி நேரம் லீவு கேட்டு வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டான். கல்யாணப் புடவை, பழவங்காடியில் வாங்கிய பிச்சிப்பூ. பால்பாண்டி தள்ளி நின்று பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்க வந்தப்போ இருந்த மாதிரியே இருக்கட்டி” என்றான்.

பதினொன்றரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவில் நரைத்த மீசை டாக்டர். காகிதத்திலிருந்து தலை தூக்கி, “சுகமாணோ?” என்றார்.

பெரியவர் ஒருவர் சுகமா என்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்?

“சுகந்தான் சார். நீங்க சுகமா?”

டாக்டர் புன்னகைத்தார். “கையை மடக்கு, நோக்கட்டே.”

அதிகாரி செய்யச் சொல்வதைச் செய்ய மாட்டேன் என்பதா? பல்லைக் கடித்து மடக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. தலையைக் குனிந்து அதை மறைத்துக்கொண்டாள்.

“மாடிப்படி ஏறுவியா?”

“ரெண்டு மாடி ஏறித்தான் சார் வந்தேன்.”

காகிதத்தில் இருபது என்று எழுதினார்கள். 

மண்டியில் ரோஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “எக்கா, நீ போர்டுக்குப் போனியா, மறுவீட்டுக்குப் போனியா? பட்டும் பூவும்! சுகமான்னு கேட்டா சுகம்னு சொல்லிட்டு, திருப்பி அவருக்க சுகத்தயும் விசாரிச்சிருக்கா பாரு!”

“கேட்டதுக்கு மரியாதையா சொன்னேன்.”

“மரியாதைக்கு இருபது தந்திருக்காரு. கொண்டுபோய் பிரேம் போட்டு வை.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்செல்வியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

மறுபரிசோதனை கேட்டு மனுக் கொடுக்கலாம் என்றார்கள். ஆபீஸ் வாசலில் மனு எழுதும் சத்தியதாஸ் அதை எழுதிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு யோசனையும் சொன்னான். “அக்கா, இந்தத் தடவ கையில ஒரு கட்டு, கால்ல ஒரு கட்டு. தாங்கித் தாங்கி நடக்கணும். சார்மாரு கையத் தொட்ட ஒடனே ‘அய்யோ’ன்னு ஒரு சத்தம். பாக்கிய நான் பாத்துக்கிடுதேன். எத்தன பேரை ஜெயிக்க வச்சிருக்கேன், அறியாமோ?”

பொன்செல்வி வீட்டுக்கு வந்து கணவனிடம் அதைச் சொன்னாள். மணக்காட்டில் அந்த ஒற்றை அறை வீட்டில், பிரேமா புதுப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடலாமா வேண்டாமா என்று கேட்கத் தயங்கி, தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்பாண்டி கேட்டான்: “சத்தியதாஸ் சொன்னபடி செஞ்சா என்ன? வலி நெசந்தான?”

“வலி நெசம். கட்டு பொய்யில்லியா?” என்றாள் பொன்செல்வி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏங்க, போன தடவயும் நான் பொய்தான் சொல்லியிருக்கேன். சுகம்னு சொன்னது பொய். கைய மடக்கிக் காட்டினது பொய். மாத்திரையும் பட்டுமா போய் நின்னது பூராவும் பொய். பொய் சொன்னதுக்குத்தான் இருபது. இந்தத் தடவ பொய்யே சொல்லாமப் போறேன். எந்திரிச்ச கையோட போறேன்.”

“வெந்நி?”

“வேண்டாம்.”

“மாத்திரை?”

“வர்ற வழியில ஆஸ்பத்திரி டாக்டர்ட்ட கேட்டுட்டேன். ஒரு நாள் காலம்பற மாத்திரைய பொறவு போட்டுக்கிடலாம்னாரு.”

பால்பாண்டி அவளையே பார்த்தான். இவ்வளவு வருடமாக, வலிக்கிறது என்ற ஒரு வார்த்தையை அவள் தன்னிடம்கூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. பள்ளி திறக்க நான்கே நாள். இரவெல்லாம் பெய்த மழை விடிந்தும் விடவில்லை. ஈரக்காற்று பொன்செல்வியின் கணுக்களை இறுக்கிக் கட்டியிருந்தது. மண்டிக்குக் கட்டிப்போகும் நூல் சேலையைப் பிரேமாதான் சுற்றிவிட்டாள். தலை பின்னவில்லை, கூந்தலை அள்ளி முடிந்துவிட்டவளும் மகள்தான். ஆட்டோவிலிருந்து இறங்கி, கணவனின் தோளைப் பற்றிக்கொண்டு, அந்த இரண்டு மாடியை அரைமணி நேரத்தில் ஏறினாள். முதல் ஆளாக வாசலில் நின்றாள்.

“சார், என்னை முதல்ல கூப்பிடணும்” என்றாள் கிளார்க்கிடம். “நேரம் போகப் போக என் கை எளகிரும்.”

கிளார்க் சிரித்துவிட்டார். “எல்லாவரும் கை சரியாகணும்னு வரும். நீ மாத்திரம் சரியாகும்முன்னே காட்டணும்னு வந்திருக்கியல்லே! கொள்ளாம். இரி, விளிக்காம்.”

கூப்பிட்டார். அதே மேசை, அதே மூன்று பேர், அதே நரைத்த மீசை. டாக்டர் தலை தூக்கினார்.

“சுகமாணோ?”

நாக்கு பழக்கத்தில் எழுந்தது. ‘சுகந்தான்’ என்று தொண்டைவரை வந்துவிட்டது. பொன்செல்வி உதட்டை இறுக்கினாள். கதவுக்கு வெளியே பால்பாண்டியின் செருப்புச் சத்தம் நின்றது. அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

“இல்ல சார்” என்றாள். “சுகமில்ல.”

சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தொடர்ந்து பேசினாள், அழாமல், குரல் தடுமாறாமல். “போன தடவ சுகம்னு சொன்னேன். பெரியவங்ககிட்ட வேற சொல்லி எனக்குப் பழக்கமில்ல. இன்னைக்கு உள்ளதைச் சொல்லுதேன். காலம்பற குழாய் திருக முடியாது. தம்ளர் பிடிக்க முடியாது. மகளுக்குத் தலை பின்னி ரெண்டு வருசமாச்சு. பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் ஆள் மாதிரி ஆவேன். அந்த நேரத்து என்னை மட்டுந்தான் நீங்க பாத்திருக்கிய.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழுந்து வந்து அவள் கையைத் தன் கையில் எடுத்தார். வீங்கிச் சூடேறிய கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். அவள் ‘அய்யோ’ என்று கத்தவில்லை. “இங்க வலிக்கு. இங்க அதைவிட வலிக்கு” என்று மட்டும் சொன்னாள்.

“விரிச்சு மடக்கு.”

“முடியாது சார்.”

முடியாது! முப்பத்தெட்டு வயதில் ஓர் அதிகாரியிடம் அவள் முதன்முதலாகச் சொன்ன முடியாது அது.

கடைசியில் ரிஜிஸ்டரில் அவள் கையொப்பமிட வேண்டியிருந்தது. பேனா இரண்டு தடவை விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. கிளார்க் இரக்கத்தோடு மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். “விரல் பதிச்சா மதி.”

“வேண்டாம் சார். எனக்கு எழுதத் தெரியும். நேரம் மட்டும் வேணும்.”

இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பேனாவை வைத்து அழுத்தினாள். மேசைமேல் குனிந்து, தோளிலிருந்து தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்புவரை படித்த மலையாள எழுத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். டாக்டர்கள் முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்தது. மூன்று பேரும் அதைத் தொடவில்லை. நெற்றி வேர்வை காகிதத்தில் விழாமல் அவள் ஒவ்வொரு வளைவையும் வரைந்து முடித்தபோது, வெளியே அடுத்த ஆள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

எழுதி முடித்த பெயரை டாக்டர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தன் பேனாவை எடுத்தார். நாற்பத்தைந்து என்று எழுதினார்.

“நிரந்தரம்னு சேர்த்து எழுதிக்கோ” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அவளைப் பார்த்து, “அடுத்த தடவ எந்த டாக்டர் கேட்டாலும் இதுமாதிரித்தான் பறையணும், கேட்டோ?” என்றார்.

வெளியே வந்தவள் சான்றிதழைக் கணவனின் சட்டைப் பையில் வைக்கச் சொன்னாள். நேராக மண்டிக்குப் போனார்கள். முதலாளி முன்னால் நின்று பொன்செல்வி சொன்னாள்: “அண்ணாச்சி, தூணோரத்து எடத்தை ரோஸோட தங்கச்சிக்குக் கொடுத்துருங்க. எம்மக பத்தாம் கிளாசுக்குப் போறா.”

ரோஸ் குவியலை விட்டு எழுந்து ஓடி வந்து, மிளகாய்க் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். அன்று இருவர் கண்ணிலும் வழிந்த நீருக்கு மிளகாயின்மேல் பழி போட்டார்கள்.

பூத் கிடைக்க மேலும் ஒன்பது மாதம் ஆயிற்று. தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னக் கூண்டு. காலையில் பால்பாண்டி ஷட்டரைத் தூக்கிவிட்டு டீக்கடைக்குப் போவான். மாலையில் பிரேமா டியூஷன் முடிந்து வந்து இறக்குவாள். நடுவில் உள்ள பகல் முழுவதும் பொன்செல்வியின் ஆட்சிதான். டெலிபோன் எண்களை அழுத்துவது பேச வருகிறவர்களின் வேலை. மெஷினில் வரும் ரசீதை அவர்களே கிழித்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மட்டும் அவள் விரலை மடக்கி, கணுவால் எண்களைத் தட்டித் தருவாள். சங்கரன்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் அங்கிருந்து எத்தனையோ குரல்கள் போயின.

காலையில் முதலில் வருகிறவர் பொன்முடி எஸ்டேட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு கண்டக்டர். தினமும் தலையை உள்ளே நீட்டிக் கேட்பார்: “செல்விச் சேச்சி, சுகமாணோ?”

பொன்செல்வி கைகளைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்பாள்.

“இப்போ சுகமில்ல. பதினோரு மணிக்கு மேல வந்து கேளும்வே, யோசிச்சுச் சொல்லுதேன்!”