அடுத்த ஸ்டேஷன் பெயரில் எடுத்த சீசன்

கொரோனாவில் நின்றுபோன பாசஞ்சர் ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கிய வருடம் அது. சேலத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் மட்டும் அது நிற்கவில்லை. ஸ்டேஷனை மூடிவிட்டார்களாம்.

ஸ்டேஷன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிளாட்பாரம், ஒரு புங்கமரம், டிக்கெட் கொடுக்க ஓர் அறை. ஒப்பந்தத்தில் டிக்கெட் விற்ற அக்காவுக்கு அந்தக் கமிஷன்தான் பிழைப்பு. கணவர் இல்லை. இரண்டு பெண்களை அதை வைத்துத்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ். பன்னிரண்டு வருடம் அந்த ரயிலில்தான் போய் வந்தேன். சேலத்திலிருந்து எங்கள் ஊர்வரை சீசன் டிக்கெட் எடுத்தாலும், அதற்கடுத்த ஸ்டேஷன்வரை எடுத்தாலும் ஒரே கட்டணம். அங்கே செவ்வாய்க்கிழமை சந்தை. சந்தைக்குப் போகவும் ஆகுமே என்று அடுத்த ஸ்டேஷன் பெயரிலேயே எடுப்பேன். இந்த யோசனையைக் கூட வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த புண்ணியவானும் நான்தான்.

அக்கா பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "ஏனுங்க சாமி, நம்மூர் பேருலயே சீசன் எடுங்க. இங்க ஏறுற சனமே இல்லீன்னு மூடிப்போடுவாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே ரயிலேறிவிடுவேன்.

மூடியதும் கொதித்துப்போய் மனு எழுதினேன். ஆதாரம் வேண்டுமே என்று வீடு வீடாகப் போய்ப் பழைய சீசன்களை வாங்கி, மனுவோடு சேர்த்துப் பின் அடித்தேன். அக்காவையும் அழைத்துக்கொண்டு நாலைந்து பேர் ரயில்வே அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இதுல ஒண்ணுலகூட உங்க ஊர் பேரு இல்லையே சார்" என்றார்.

எங்கள் ஊரில் யாருமே ஏறவில்லை என்பதற்கான ஆதாரத்தை நானே கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அக்கா நினைத்திருந்தால் அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். "போலாமுங்க சாமி, பஸ்ஸு போயிருமுங்க" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர் மில் வேனில் பள்ளிபாளையம் போகிறார். பெரிய பெண்ணும் கல்லூரியை விட்டுவிட்டு அம்மாவோடு வேலைக்குப் போகிறாள். அன்றைக்கு என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். கேட்காமல் விட்டதால், எதிலாவது கெட்டிக்காரத்தனம் காட்டத் தோன்றும்போதெல்லாம் அந்தப் பெண் வேனில் ஏறுவதுதான் கண்முன் வந்து நிற்கிறது.