இரண்டாவது பிரசவம் எங்கள் முறை

வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்க்காமல் என் மாமனார் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. ஒரு கிலோ வாங்கினால் ஒரு கிலோவையும் ஒடிப்பார். கட்டைவிரலால் ஒரு சின்ன அழுத்தம், டக்கென்று ஒரு சத்தம், காய் ஒயர் கூடைக்குள். ஒடியாமல் வளைந்துகொடுத்த காயைக் குற்றவாளியைப் போல ஓரமாக எடுத்து வைப்பார். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அவர் தலையைப் பார்த்ததும் வெண்டைக்காய்மேல் சாக்கைப் போட்டு மூடிய கடைக்காரர்கள் உண்டு. எழுபது வயதுவரை காய்கறியைத் தவிர வேறெதையும் சமையலுக்கென்று தொட்டறியாத அந்தச் சைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு சுறா மீன் வாங்கப் போனார். அதற்குக் காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், எனக்குச் சுரக்காத பால்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, மகளுக்குப் பதினொன்று. இரண்டாவதைத் திட்டமிட்டுத்தான் பெற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பவர்களிடம் என் கணவர் "ஆமாம்" என்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். ஆஸ்பத்திரிக் கோப்பில் என் பெயருக்குப் பக்கத்தில், வயது முதிர்ந்த கர்ப்பிணி என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி, யாரும் தவறவிட்டுவிடக் கூடாதென்று அடிக்கோடும் போட்டிருந்தார்கள். மகள் பள்ளியில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. எட்டாம் மாதம் பெற்றோர் கூட்டத்துக்குக் கிளம்பியபோது, "அம்மா, பையை முன்னாடி வெச்சுப் பிடிச்சுக்கோ, தெரியாது" என்றாள். அந்தச் சுற்றளவுக்கு எங்கள் வீட்டில் பை இல்லை.

தலைப்பிரசவம் பெண்ணின் அம்மா வீட்டில், இரண்டாவது புகுந்த வீட்டின் முறை. இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. போதாததற்கு என் தங்கைக்கும் அதே மாதத்தில் தலைப்பிரசவம். அம்மா தூத்துக்குடியில் அவள் பக்கத்தில் இருந்தாள். "ஒனக்கு அங்க பாத்துக்கிட ஆளு இருக்கும்லா?" என்று போனில் கேட்டாள். இருந்தார்கள். மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த ஆட்கள் என் கணவரும் அவருடைய அப்பாவும். சமையலுக்கு ஆள் வைத்துவிடலாம் என்று கணவர் சொன்னதற்கு மாமனார், "ரெண்டாவது பிரசவம் நம்ம முறை. ஆள் வெச்சுச் செய்யறதுக்கா முறைன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அவருக்கும் எனக்கும் அப்போது பதின்மூன்று வருடப் பழக்கம். அதில் நாங்கள் பேசிய மொத்தப் பேச்சையும் எழுதினால் ஓர் இன்லண்ட் கடிதத்தில் அடங்கி, முகவரிக்கும் இடமிருக்கும். காபி ஆச்சாம்மா, கேஸ் மாத்தணுமா, மழை வருது துணியை எடுத்துடு. தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்தவர். ஊராருடைய சொற்களைச் சுமந்தே அலுத்திருக்கலாம். நான் பிரசவித்து வந்தபின் என் அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை. பூண்டுக் குழம்பும் சாதமும் வாசலோரத்து ஸ்டூலுக்கு வரும், ஒரு இருமல் கேட்கும், பள்ளி விடுமுறையில் இருந்த மகள் எடுத்துக்கொண்டு வருவாள்.

நானோ மீன் தின்று வளர்ந்தவள். காதலித்து வந்து சேர்ந்தது முட்டைகூட நுழையாத வீட்டில். கல்யாணத்துக்கு முன் மாமியார் என்னைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ எப்படி வேணா வளர்ந்திருக்கலாம்மா. வெளியில எது வேணா சாப்பிட்டுக்கோ. இந்த அடுப்புல மட்டும் வேண்டாம்." நியாயமான கோரிக்கை, மரியாதையாகவும் கேட்டார், ஒப்புக்கொண்டேன். வஞ்சிரத்தைத் துறந்து வந்தவள் என்பதைக் கணவருக்கு வருடத்துக்கு இரண்டு முறை நினைவூட்டுவதோடு சரி. மகள் பிறந்தபோது மட்டும் அம்மா வீட்டில் நாற்பது நாளும் பால் சுறா புட்டு. பால் ரவிக்கையை நனைத்துக்கொண்டு ஓடியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று விஞ்ஞானம் சொல்கிறதோ இல்லையோ, என் உடம்பு அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது.

மகன் அறுவை சிகிச்சையில் பிறந்தான். இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வரும்போது இரண்டு எழுநூறு. எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இறங்கிவிட்டுத்தான் ஏறும் என்று டாக்டர் சொன்னார். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, மறுபடி எடை பார்க்கப் போனோம். முடிச்சூர் சாலையில் எத்தனை வேகத்தடை என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை. வயிற்றில் தையலோடு ஆட்டோவில் போனபின் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. நர்ஸ் அவனை மெஷினில் கிடத்தினார். இரண்டு அறுநூறு. குளிர்ந்த தட்டில் துணியில்லாமல் கிடந்தும் அவன் அழவில்லை. லேசாக வாயைத் திறந்து மூடினான். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் குடுங்க. பத்தலைன்னா ரெண்டு வேளை பவுடர் பால் சேர்த்துக்கலாம், தப்பே இல்ல" என்றார் டாக்டர். "வியாழக்கிழமை கொண்டு வாங்க. அப்பவும் இறங்கியிருந்தா அட்மிட் பண்ணிடுவோம்."

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். எந்தத் துன்பம் வந்தாலும் முதலில் புத்தகத்தைப் புரட்டுவது வழக்கம். பால் சுரக்காததற்குப் புத்தகம் சொன்ன காரணங்களில் கவலைதான் முதலிடத்தில் இருந்தது. அதைப் படித்ததும் இருந்த கவலை இரட்டிப்பானது. குழந்தையை மார்பில் போட்டால் நாலு இழுப்பு இழுப்பான், களைத்துத் தூங்கிவிடுவான். பாதத்தைச் சுண்டினால் முகத்தைச் சுளிப்பான், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதில் நமக்கு ஆசை வந்ததற்கு இவன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இதை மட்டும் வேடிக்கையாக எழுத இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை எதிர் ஃப்ளாட் டீச்சர் குழந்தையைப் பார்க்க வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச், சர்ச் முடிந்ததும் தவறாமல் மீன். என்னிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஹாலுக்குப் போனார். உள்ளே படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், தப்பா நினைக்காதீங்க. அவ அம்மா வீட்ல சாப்பிட்ட உடம்பு. பால் சுறா புட்டு குடுத்துப் பாக்கலாம். நானே எங்க வீட்ல செஞ்சு எடுத்துட்டு வர்றேன். உங்க கிச்சன் பக்கம்கூட வராது."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, மாமனார் எழுந்துவிட்டார். அவர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, டீச்சர் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்.

"இல்லீங்க டீச்சர்" என்றது மாமனாரின் குரல். "இது எங்க வீட்டு முறை, எதிர் வீட்ல செஞ்சு வரக் கூடாது. எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

என் கணவர் பதறிப்போனார். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிப் பால்கனியில் வைத்துச் செய்யலாமே என்றார். "குழந்தைக்கு ஆக்கறதைப் பால்கனில வெச்சா ஆக்குவாங்க?" என்றார் மாமனார். "அம்மா ஒத்துக்கவே மாட்டாங்கப்பா" என்றார் கணவர், மாமியார் இன்னும் உள்ளே உலை வைத்துக்கொண்டிருப்பதைப் போல. அதற்குக் கிழவர் சொன்னது: "அவளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்த டீச்சரை அடையாளம் காட்ட மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தாம்பரம் மார்க்கெட் வேண்டாம், அங்கே தன் காய்கறிக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பெருங்களத்தூருக்கு. நடந்ததை டீச்சர் மதியம் என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். சிரித்தால் தையல் இழுக்கும். இருமும்போது தையலைத் தாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கேட்டேன். மாமனார் கடைமுன் குனிந்து, சுறாவைக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். பிறகு வால் நுனியைப் பிடித்து வளைத்திருக்கிறார்.

"இன்னா சார், வெண்டிக்கா மாதிரி ஒடிச்சுப் பாக்கறே?" என்றாளாம் மீன்காரம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அவர் அசரவில்லை. "முத்தலா இளசான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"சுறாவுல இன்னாத்த முத்தலு இளசு! யாருக்கு சார் இது?"

"மருமகளுக்கு. குழந்தை பொறந்திருக்கு. பால் பத்தலை."

"அத்துக்கு நீ வந்துகீறியே, வூட்டம்மா வர்லியா?"

"தவறிட்டாங்கம்மா."

அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாளாம். தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளி, "தோ, இதுல குந்து சார். நானே தோல உரிச்சு, கீசித் துண்டு போட்டுத் தர்றேன். உனுக்கு பேஜாரா இருந்தா கண்ண மூடிக்கோ" என்றாளாம். "நெஜமாவே மூடிக்கிட்டார்மா" என்றார் டீச்சர். "கூடையை மடியில வெச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிட்டு, ஊசி போட்டுக்க உக்காந்த பையன் மாதிரி."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சமையலறையிலிருந்து முதலில் பூண்டு வதங்கும் வாசம் வந்தது, பிறகு அது. மகள் ஓடிவந்து, "அம்மா, தாத்தா மூக்குல கர்ச்சீப் கட்டிட்டுக் கிண்டறாரு, பேங்க் கொள்ளைக்காரன் மாதிரி இருக்காரு" என்றாள். பதின்மூன்று வருடமாக அந்த வீட்டில் எழுந்திராத வாசனை அது. என் கண்கள் கலங்கின. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். தட்டு ஸ்டூலுக்கு வந்தது, மகள் மூலம் கட்டிலுக்கும் வந்தது. வாயில் வைத்தேன். உப்பு இல்லை. ஒரு கல்கூட இல்லை.

வழக்கமாக இருமிவிட்டுப் போய்விடுபவர், அன்று வாசலுக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வேட்டி ஓரம் மட்டும் தெரிந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டது சுவர்.

"சரியா இருக்கு மாமா" என்றேன்.

இது நான் செய்த பிழை. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அஞ்சல்துறைக்காரர் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டார். மீனைப் பிரிட்ஜில் வைப்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை என்பதால் தினமும் காலையில் பெருங்களத்தூர் போய்வந்தார். தினமும் அதே புட்டு, அதே பூண்டு, அதே மிளகு, அதே உப்பின்மை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நான்கு நாளும் வழித்துத் தின்றேன். செவ்வாய்க்கிழமை மதியம் ரவிக்கை நனைந்தது. மீன்தான் காரணமா, டாக்டர் சொன்னபடி மணிக்கணக்குப் பார்த்து எழுப்பியது காரணமா, எனக்காக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று கேட்டபின் நன்றாகத் தூங்கினேனே, அது காரணமா, எனக்குத் தெரியாது. இரண்டு வேளை பவுடர் பாலும் கொடுத்தோம். அதன் பங்கை மறைப்பது நியாயமில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் மெஷினைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எழுநூத்தி நாப்பது" என்றார். மகன் அந்தத் தட்டில் கிடந்து கட்டடமே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் வேகத்தடைகள் யாவும் இருந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவன் எடையைப் பற்றி எதிர்த்திசையில் கவலைப்படுகிறோம். மாமனாருக்கு எண்பத்திரண்டு, முழங்கால் வலியால் மார்க்கெட் போவதில்லை. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் அவரே பாத்திரங்களைப் புளிபோட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார். அதன் பிறகு எங்கள் அடுப்பில் மீன் ஏறவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேச்சு பழையபடி காபிக்கும் கேஸுக்கும் திரும்பிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்று நடந்தது. எடை ஏறிய சந்தோஷத்தில் மகள் என் தட்டில் கையை விட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். விடுமுறைக்குத் தூத்துக்குடி போய் மீன் தின்று பழகிய நாக்கு அது. "அய்யய்ய! தாத்தா, இதுல உப்பே இல்ல!" என்று வீடு அதிரக் கூவினாள்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மாமனார் வந்தார், வாசலோடு நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டார். கழுத்தில் கர்ச்சீப் தொங்கியது, கையில் உப்பு ஜாடி.

"தினமுமா இல்ல?"

"ஆமா மாமா."

"ஏம்மா சொல்லலை?"

நான் தட்டைப் பார்த்தேன். அவரும் தட்டைத்தான் பார்த்தார். "டீச்சர் எல்லாத்துக்கும் அளவு சொன்னாங்க. உப்பு மட்டும் தேவைக்குன்னுட்டாங்க" என்றார். "தேவை எவ்வளவுன்னு வாயில வெச்சுப் பாத்தாத்தானே தெரியும். நம்மால முடியலை. கூடப் போட்டு உனக்கு ஆகாம போயிடுச்சுன்னா... அதான் போடவே இல்லை."

பிறகு ஜாடியைத் திறந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு சிட்டிகை எடுத்தார். கட்டிலருகே குனிந்து, என் தட்டின்மேல் கையை வைத்து, மெல்லத் தூவ ஆரம்பித்தார்.

"எப்பப் போதும்னு நீதான்மா சொல்லணும்" என்றார். "எனக்குத் தெரியாது."

நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போதும் என்றேன்.