அடைப்புக்குறிக்குள் சிரித்தவர்கள்

நாடாளுமன்றத்தில் சபாநாயகர் மேடைக்குக் கீழே ஒரு நீள மேசை உண்டு. அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் எழுதுவதுதான் பேச்சு. மற்றதெல்லாம் காற்றோடு போச்சு. அந்த மேசையின் இடது ஓரத்தில் பென்சிலும் கையுமாக முப்பத்தாறு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவளுக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் பாம்புக்காது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டால்கூட இன்னார் என்று சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் கல்யாணமான இரண்டாம் மாதமே முணுமுணுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார்.

கணக்குக்குத்தான் முப்பத்தாறு, சர்வீஸ் புத்தகத்தில் இருபத்தைந்துதான். பதினோராவது வருஷம் மகளை வயிற்றில் சுமந்தபோது, வயிறு மேசையில் இடிக்கிறது என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பிள்ளை பிறந்தபின் மனுப் போட்டாள், புதிய ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவளிடம் தொழில் கற்றவன் அவளுக்கு மேலதிகாரி ஆனான். அது அப்போதைய சட்டம். இப்போதைய சட்டமும் அதுதான். இப்போது அந்த மகள் டெலிபோன் ஆபீசில் ஏழு வருஷ சர்வீஸோடு, நாலாவது மாதத்தில் இருந்தாள். புடவையைத் தளர்த்திக் கட்டி இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம். அதற்கப்புறம் இவளுக்கு நடந்ததுதான் அவளுக்கும். ராஜினாமா பண்ணிட்டு வீட்டில் இரு என்று புகுந்த வீட்டார் சொல்லிப் பார்த்தார்கள். மகள் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இந்த நேரத்தில்தான் நர்ஸம்மா உறுப்பினராகி வந்தார். இருநூற்று நாற்பது ஆண்கள், ஒரு நர்ஸம்மா. இருபது வருஷம் பிரசவ வார்டில் நின்ற மனுஷி. வந்த வேகத்தில், பிரசவத்துக்காக எந்தப் பெண்ணின் வேலையும் பணிமூப்பும் போகக்கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். பேச எட்டு நிமிஷம் கொடுத்தார்கள். அந்த எட்டு நிமிஷமும் சபை சிரித்தது. "பிரசவம்" என்றால் சிரிப்பு. "வயிறு" என்றால் சிரிப்பு. "மாண்புமிகு உறுப்பினர்கள் அனைவரும் பிறந்தவர்கள்தானே" என்று அவர் கேட்டதற்குக் கூரை அதிரச் சிரிப்பு. சபை இதை எடுத்துக்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று சபாநாயகர் மசோதாவைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் நர்ஸம்மா அச்சான குறிப்பைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு அறைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நான் எங்க ஜோக் சொன்னேன்? பதினாலு இடத்துல சிரிப்பு, சிரிப்புன்னு போட்டிருக்கீங்களே! எங்க ஊர்க்காரங்க, நீ அங்க போயி சர்க்கஸா காட்டறேன்னு கேக்கறாங்க."

"சிரிச்சாங்க மேடம், எழுதினேன். நான் என்ன பண்ணட்டும்?"

"யாரு சிரிச்சாங்கன்னு இல்லியே! இதைப் படிச்சா நான் என்னவோ சிரிக்க வெச்ச மாதிரியில்ல இருக்கு?"

பாம்புக்காதுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் பதிவறைக்குப் போய்ப் பழைய தொகுதிகளைத் தூசி தட்டினாள். நர்ஸம்மாவுக்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பு ஒரே ஒரு பெண் உறுப்பினர் இருந்திருக்கிறார், ஒரு தலைமையாசிரியை. ஐந்து வருஷத்தில் நாற்பத்தொரு முறை பேசியிருக்கிறார். குடிநீர், பள்ளிக்கூடம், சிறைச்சாலை, எதைப் பேசினாலும் வரிக்கு வரி (சிரிப்பு). இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியவள் கண் எரிந்து நிறுத்திக்கொண்டாள். அந்த அம்மாள் அடுத்த தேர்தலில் தோற்றுப் போனார். யார் சிரித்தார்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை. சிரிப்பெல்லாம் அப்பன் பேர் தெரியாத பிள்ளையாகக் கிடந்தது.

விதிப் புத்தகத்தையும் ஒரு கை பார்த்தாள். முப்பத்தொன்றாம் விதி இப்படிச் சொன்னது: சபையில் எழும் சிரிப்பு, கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை எழுப்பியவர் இன்னார் எனத் தெளிவாகத் தெரியுமிடத்து, அவரைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். எழுதலாம் என்று இல்லை, எழுத வேண்டும். அதைப் படித்ததும் அவளுக்கு வந்த சிரிப்பை எழுதிவைக்க அந்த அறையில் யாரும் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தொழிற்சாலைகள் பற்றிய விவாதம். வேலை போய்விடுமே என்று பயந்து, நூல் ஆலையில் மூட்டைகளுக்குப் பின்னால் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி நர்ஸம்மா பேசினார். மறுநாள் வெளிவந்த குறிப்பில் இப்படி இருந்தது: (போக்குவரத்து அமைச்சர்: இருமல், பிறகு சிரிப்பு. தோல் வியாபாரியான உறுப்பினர்: அமைச்சரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பு. பின்வரிசையில் இருவர்: விஷயம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பு.)

பத்திரிகைகள் ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டன. அமைச்சருக்கு மூன்று பெண்கள். சாப்பிட உட்கார்ந்தவரிடம் மூத்தவள், "அந்தம்மா மூட்டைக்குப் பின்னாடி பிள்ளை பெத்ததுல என்னப்பா சிரிப்பு?" என்று கேட்டாளாம். மனிதர் பாதியில் கை கழுவிவிட்டு நேரே சபையின் உரிமைக் குழுவுக்குப் புகார் எழுதினார்.

பாம்புக்காதிடம் தொழில் கற்ற அந்த மேலதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவள் முன் வைத்தான். "அக்கா, தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. எல்லாரும் பிழைச்சுப் போவோம்."

"தெரிஞ்சுதானப்பா எழுதினேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளே பயம்தான். தன் வேலைக்காக மட்டும் இல்லை. குழு இந்தக் குறிப்பை அடித்துவிட்டால் மறுபடி எல்லோரும் பேரில்லாமல் சிரிப்பார்கள், மசோதா மறுபடி தள்ளிப் போகும். மகளுக்கு ஆறாவது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

குழுவில் ஐந்து பேர். தலைவர் எழுபதைத் தாண்டியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தோல் வியாபாரியும் குழுவில் ஒருவர்.

"நான் சிரிக்கவே இல்லை. இருமினேன்," என்றார் அமைச்சர்.

"இருமலும் இருந்துது சார். அதையும் எழுதியிருக்கேனே," என்றாள்.

"இருநூறு பேர் இருக்கிற இடத்துல இன்னார் சிரிச்சார்னு எப்படிம்மா சொல்வே?" என்று தலைவர் கேட்டார்.

"முகத்தைப் பாக்காமலே சொல்வேன் சார். வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் நாட்டின் தலையெழுத்தை எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஜாடை காட்டிக்கொள்ள, ஒருவர் சிரித்தார்.

"வணிகத்துறை முன்னாள் அமைச்சர்."

இன்னொருவர் சிரித்தார்.

"தென்வரிசை வக்கீல் சார். போன வாரம் பல் கட்டியிருக்காரு, சத்தம் மாறியிருக்கு."

மூன்றாவதாக, தொண்டையில் ஒரு விக்கலும் அதன் பின்னால் நாலு குலுக்கலுமாக ஒரு சிரிப்பு வந்தது. யார் கேட்டாலும் அமைச்சருடைய சிரிப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாம்புக்காது இல்லை என்று தலையாட்டினாள்.

"இது அமைச்சர் இல்ல சார். அமைச்சர் மாதிரி சிரிச்சுக் காட்டறது தோல் வியாபாரி. நாலு வருஷமா பழகறாரு, அந்த விக்கல்தான் இன்னும் சரியா வரமாட்டேங்குது."

தலைவருக்கு அடக்க முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்ததும் அமைச்சரின் தொண்டையில் விக்கல் ஒன்று எழுந்தது. அதைத் தொடர்ந்து நாலு குலுக்கல்.

"அதுதான் சார்," என்றாள் அவள் சுவரைப் பார்த்தபடியே. "அன்னிக்குக் கேட்டது."

குறிப்பு சரி என்று குழு எழுதிக் கொடுத்தது.

மசோதா மறுபடி வந்த நாளில் சபையைப் பார்த்திருக்க வேண்டும். கைக்குட்டையால் வாயைப் பொத்தியவர்கள் எத்தனை பேர், கூரையை முறைத்தவர்கள் எத்தனை பேர்! நர்ஸம்மா வேண்டுமென்றே "பிரசவம்" என்ற வார்த்தையை ஒன்பது முறை சொன்னார். ஒரு இருமல்கூட எழவில்லை. சிரிக்க வழியில்லாமல் போனதால், வேறு வேலையின்றி எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்டார்கள். ஆறு வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது.

நர்ஸம்மா மாடிப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இன்னிக்குத் தேதியிலேர்ந்துதான் செல்லும்னு போட்டுட்டாங்க. உங்க பதினோரு வருஷத்தை என்னால வாங்கித் தர முடியல."

"பரவால்ல மேடம்," என்றாள். வாய்க்குத்தான் பரவாயில்லை. தட்டச்சு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போன பதினோரு வருஷத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் மகள் விடுப்பு உத்தரவைக் கொண்டுவந்து நீட்டினாள். நாலே வரி. மூன்றாவது வரியில் 'பணிமூப்பு தொடரும்' என்று இருந்தது. நிமிஷத்துக்கு நூற்றைம்பது வார்த்தை எழுதுகிறவளுக்கு அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை.

"என்னம்மா, எழுத்துப் பிழையா?"

"இல்லடி. நீ பொறந்த அன்னிக்கு நான் அழுதேன். சந்தோஷத்துல அழுதேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். அது பொய். பதினோரு வருஷ வேலை போச்சேன்னு அழுதேன்."

மகள் உத்தரவை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும். அப்பா எப்பவோ உளறிட்டாரு. ராஜினாமா பண்ணு, பண்ணுன்னு அத்தனை பேர் சொல்லியும் நான் ஏன் அசையலன்னு நினைச்சே?"