விபத்தே இல்லாத மைதானம்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு மேட்டாங்காட்டைச் சமன்செய்து, வழியில் கோளாறாகும் விமானங்கள் இறங்குவதற்கென்று மைதானம் ஆக்கியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சேலத்தில் அதைக் கவனித்த ஆபீசில் நான் குமாஸ்தா. மாதாமாதம் 'விபத்து இல்லை' என்று அறிக்கை எழுதி, மைதானத்துக் காவல்காரரிடம் கைநாட்டு வாங்கி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

விபத்து எப்படி நடக்கும்? நாலு வருஷமாக அங்கே ஒரு விமானமும் இறங்கவில்லை. எங்கள் சூப்பிரண்டோ, எல்லா மைதானங்களின் விபத்துக் கணக்கையும் வாங்கி வரிசைப்படுத்தி, எங்களுடையதே முதலாவது என்று சுவரில் எழுதி மாட்டிக்கொண்டார். குதிரையே ஏறாதவன், நான் கீழே விழுந்ததே இல்லை என்று மார்தட்டினானாம். படித்த முட்டாளைத் திருத்த ஆண்டவனாலும் ஆகாது.

ஒருநாள் காவல்காரர் ஆபீசுக்கே வந்தார்.

"மைதானத்தோரம் குழி ஒண்ணு கெடக்குதுங்க. மூடிக் குடுத்தாத் தேவலீங்க."

"விபத்தே நடக்காத இடத்துக்கு எதற்கய்யா வீண்செலவு?" என்றார் சூப்பிரண்டு. நான் அந்த மாத அறிக்கையில் 'விபத்து இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்றில் முதல் விமானம் வந்தது. காற்று அடிக்கும் திசையை விமானிக்குக் காட்டப் புகை போட வேண்டும். ஈர வைக்கோலைச் சுமந்து ஓடிய காவல்காரர் அந்தக் குழிக்குள் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. விமானம் பத்திரமாக இறங்கி, பழுது பார்த்துக்கொண்டு பறந்து போனது.

வேலையில் அடிபட்டதாக அறிக்கையில் ஏறினால், கால் கூடும்வரை அவர் வேலை அவருக்கே இருக்கும். ஏறாவிட்டால், வராதவர் என்று நீக்கிவிடுவார்கள். சூப்பிரண்டிடம் சொன்னேன்.

"இறங்கினது ஒண்ணு, விபத்தும் ஒண்ணு. நூற்றுக்கு நூறு என்றல்லவா கணக்கு வரும்? மேலே சிரிப்பார்கள். அடிபட்டது ஆள்தானே, விமானமில்லையே. வழக்கம்போல எழுதும்."

எழுதினேன். த்தூ, சூப்பிரண்டை மட்டும் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை?

மைப்பெட்டியோடு காவல்காரர் வீட்டுக்குப் போனேன். காலில் மூங்கில் பத்தை கட்டிக் கட்டிலில் கிடந்தார்.

"எழுதிப்போட்டீங்களா சாமி?"

"எழுதியாச்சுங்க."

படித்துக் காட்டச் சொல்லவில்லை. "உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க" என்று, கட்டைவிரலைத் தானே மையில் தோய்த்து நீட்டினார். காகிதம் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.