நெஸ்டா வெள்ளையடித்த கல்

நெஸ்டாவுக்குக் கிறுக்கு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்தவள் நான்.

அவள் கணவன் இட்வால் கூரைக்குப் போடும் பலகைக்கல் ஏற்றிப்போன கப்பலோடு போனவன். கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எங்கள் பக்கம் ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு பூ ஞாயிறு. அந்த வாரம் முழுக்க ஊரே கல்லறைகளைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் டாஃபடில் பூக்களைப் பரப்பும். முதல் வருஷம் நெஸ்டா கோயில் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் வெறுங்கையோடு நின்றாள். பூவை எங்கே வைப்பாள்?

அடுத்த வருஷம் அவள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு தன் வயல் கதவுக்குப் போனாள். கதவு தொங்கிய தூண் ஒரு பழைய நெட்டைக் கல். ஆடுகள் முதுகு சொறியும் கல். கடைசியாகப் போன அன்று இட்வால் அதில் சாய்ந்துதான் பூட்ஸ் கயிறு கட்டினான். அந்தக் கல்லுக்கு வெள்ளையடித்து, அடியில் பூ வைத்தாள். வருஷா வருஷம் ஒரு பூச்சு ஏறியது.

ஒருநாள் அருங்காட்சியகத்திலிருந்து புரோதரோ என்று ஒருவர் வந்தார். இந்தப் பக்கம் எழுத்து வெட்டிய பழங்கல் ஒன்று இருந்ததாம், காணவில்லையாம். வயல் வயலாகத் தேடினார். களைத்துப் போய் நெஸ்டாவின் கதவுத் தூணில் கோட்டை மாட்டிவிட்டு, அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலத்தில் உறைபனி கடுமை. சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் கோடு கோடாக என்னவோ இருக்கிறது என்று தபால்காரர் போய்ச் சொல்ல, புரோதரோ மறுபடி வந்தார். முட்டி போட்டுச் சுரண்டினார்.

"அம்மா, போன தடவை இதுலதான கோட்டை மாட்டுனேன்?"

"ஆமா. நல்லாத் தொங்குச்சு," என்றாள் நெஸ்டா. "என்ன எழுதியிருக்கு?"

"கடோரிக்ஸ் இங்கே கிடக்கிறான்னு. ஆயிரத்து முன்னூறு வருஷமாவது இருக்கும்."

"இங்கயா? என் கதவுக்கு அடியிலயா?"

"இல்லம்மா. யாரோ தூணுக்கு ஆகும்னு எங்கிருந்தோ பேத்துக்கிட்டு வந்திருக்காங்க. அவர் எங்க கிடக்கிறார்னு இனிமே யாருக்கும் தெரியாது."

நெஸ்டா கல்லைத் தடவிப் பார்த்தாள். கல்லை எடுக்க விடமாட்டாள், மல்லுக்கு நிற்பாள் என்று வேடிக்கை பார்க்க ஊரே வேலியோரம் கூடியிருந்தது. அவளோ, "அடுத்தவங்க கல்லு. எடுத்துக்கங்க. ஆனா ஊரை விட்டுப் போகக் கூடாது. நம்ம கோயிலுக்குள்ள வைங்க," என்றாள்.

"வைக்கலாம். சுண்ணாம்பு மட்டும் அடிக்கக் கூடாது, அம்மா."

"நீங்க கோட்டு மாட்டாம இருந்தா நானும் அடிக்க மாட்டேன்."

கல் கோயிலுக்குள் போனது. கதவுக்கு மரத்தூண் நட்டார்கள். பூ ஞாயிறு வந்தது. இட்வாலுக்கு என்று அவளிடம் இருந்தது அந்த ஒரு கல்தானே. என் மாமியார் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் விட்டு, "இங்க வச்சுக்கோ நெஸ்டா, கிழவி ஒண்ணும் சொல்லாது," என்றேன்.

"உசுரோட இருந்தப்பவே உன் மாமியா எனக்கு இடம் விட்டதில்ல," என்றாள். கோயிலுக்குள் போய், கடோரிக்ஸ் காலடியில் ஒரு ஜாடியில் பூ வைத்தாள். "இவருக்கு வைக்க யாருமில்ல பாவம்," என்றாள். மனசு தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் வாளியோடு வயல் கதவில் நிற்கிறாள். புது மரத்தூணுக்கு உச்சி முதல் அடி வரை சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அடியில் பூ எதுவும் இல்லை.

"ஏண்டி, மரத்துக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பாங்களா? தாரு பூசு, உளுத்துப் போகாம இருக்கும்."

அவள் திரும்பவில்லை. தூணில் கடலைப் பார்த்த பக்கத்துக்குத்தான் இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள்.

"தாரு கறுப்பு," என்றாள். "இருட்டுல வர்ற ஆளுக்குக் கதவு எங்கன்னு தெரியாது."