வாடை திரும்பட்டும்

சாய்ந்தமருது காலிதீனுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். அந்த நினைப்பில்தான் முன்பின் தெரியாத ஓர் ஊரைக் கவிழ்த்தார். ஐப்பசியில் மேகம் கறுக்கும், மாரி பிறக்கும், வெள்ளாமைக்காரன் வயல் வட்டையில் இறங்குவான். கார்த்திகையில் மழை கொஞ்சம் கண்ணாமூச்சி காட்டினாலும் பயமில்லை, வாடைக்காற்று திரும்பினால் கொட்டித் தீர்த்துவிடும். சாகாமத்துப் பக்கம் மீசை முளைத்த நாளிலிருந்து நெல் விதைத்த மனிதர், இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

உரம் கிடைக்காத அந்தப் பொல்லாத வருடத்தில் அவருடைய வெள்ளாமை மணி பிடிக்காமல் சப்பியாகிப் போனது. தேறிய கொஞ்சத்தையும் யானை மிதித்தது. மனுசன் இடிந்துபோய் இருந்த நேரத்தில்தான் கல்முனை அரிசி வியாபாரி றிஸ்கான் வந்தான். அவன் கென்யாவில் ஓர் அரிசி ஆலையைக் கூட்டுக்கு எடுத்திருந்தான். ஆலைக்கு நெல் போதவில்லை, ஆற்றங்கரைச் சனங்களுக்கு விளைச்சலைப் பெருக்கிக் காட்ட ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும் என்றான். மனைவி சுபைறா அழுதாள். காலிதீன் பாஸ்போர்ட் எடுத்தார்.

தானா ஆறு கென்யாவின் நடு மலைகளில் பிறந்து, வறண்ட முட்காடுகளைக் கடந்து இந்து சமுத்திரத்தில் விழுகிறது. கடலை நெருங்கும் இடத்தில் அது விரித்துப் போட்டிருக்கும் சேற்று நிலத்தில்தான் அந்த ஊர். கரையில் மாவும் வாழையும், அப்பால் நெல். சலாம் சொன்னால் சலாம் வரும், தொழுகை வக்துக்கு வக்து பாங்கு கேட்கும். காலிதீனுக்குப் பாதி தன் ஊருக்கே வந்து சேர்ந்தது போலிருந்தது. ஒரேயொரு சங்கடம். அங்கே பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்று கூப்பிட வேண்டும், அவர்கள் மொழியில் அது தாய். அடுத்த வயல்காரி ஹவா, மூன்று பிள்ளைகளோடு தனியே பாடுபடும் விதவை. ‘மாமா ஹவா’ என்று கூப்பிடும்போதெல்லாம் இவருக்குத் தன் தாய்மாமனின் தாடி நினைவில் வந்து சிரிப்பை அடக்குவது பெரும்பாடாயிற்று.

ஐப்பசியில் நல்ல மழை விழுந்தது. ஹவா தன் விதைநெல்லில் பாதியை மட்டும் விதைத்துவிட்டு, மீதியை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டாள். ஊர் முழுக்க அதே வழக்கம். ஏன் என்று கேட்டார். இது வூலி, சின்ன மழை, இதை நம்ப முடியாது. பெரிய மழை மாசிகா, அது பங்குனி சித்திரையில்தான் வரும் என்றாள்.

காலிதீனுக்கு இரக்கமாக இருந்தது. சித்திரையில் விழும் நாலு துளியைப் பெரிய மழை என்றும், ஐப்பசி மாரியைச் சின்ன மழை என்றும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்களே, பாவங்கள் என்று நினைத்தார். நினைத்ததோடு நின்றிருக்கலாம். அரைவாசி விதைப்பதெல்லாம் அல்லாஹ்வில் பாரத்தைப் போடும் தவக்குல் இல்லாதவர் செய்யும் வேலை என்று தெரிந்த மொழியில் சொல்லியும்விட்டார். ஹவாவின் முகம் சுருங்கியது. மறுநாள் காலை மிச்ச விதையைத் தலையில் சுமந்துகொண்டு வயலுக்கு வந்தாள். ஊரிலேயே நிதானமானவள் அவள். அவளே கொண்டுவந்ததைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்து விதைத்தார்கள்.

கார்த்திகை நடுவில் மழை நின்றது. பயிர் முழங்கால் உயரம். ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாடை திரும்பட்டும் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

மார்கழியில் வாடை திரும்பவும் செய்தது. காலிதீன் வரம்பில் நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வடகிழக்கைப் பார்த்துச் சிரித்தார். ஹவா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். கஸ்காஸி என்றாள். அந்தக் காற்றுக்கு அங்கே அதுதான் பெயர், வறட்சிக் காற்று. அம்பாறைக் கரைக்குக் கடலைக் கடந்து மழையோடு போகும் அதே வாடை, இந்தக் கரைக்கு அரபு நாட்டு மணலைத் தாண்டி வெறுங்கையோடு வருகிறது. அவர் வாழ்நாள் முழுக்க நம்பிய காற்று அவர் கண் முன்னாலேயே பயிரைத் தீய்த்தது.

ஆறு இளைத்தது, கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறியது. வாய்க்கால் தலைப்பில் ஒரு துண்டு நிலம் மட்டும் கதிர் தள்ளியிருந்தது. இனி ஊருக்கு விதை என்றால் அதுதான். தன் ஊரில் யானைக்குச் செய்தது போலத் தகரம் கட்டினார், தீ மூட்டினார். ஒரு விடியலில் போய்ப் பார்த்தால், ஆற்றிலிருந்து அந்தத் துண்டு வரைக்கும் சேற்றில் அகலமாக ஒரு தடம். நீர்யானை வந்து மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. காலிதீன் வரம்பில் குந்திவிட்டார்.

அன்று பகல் ஹவாவின் பிள்ளைகள் சேற்றில் தோண்டி எடுத்த அல்லிக் கிழங்கை அவித்து உரித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்ச காலத்தில் தங்களூரில் தின்ற அதே ஒல்லிக் கிழங்கு என்று அவருக்குத் தெரிந்தது. அப்போதுதான் சுபைறாவின் போன் கோல் வந்தது.

“இஞ்ச பாருங்க, ரோட்டெல்லாம் வெள்ளம். வாட திரும்பின நாள் தொட்டு மழ விட்டபாடில்ல. அங்கயும் நல்ல மழதானே?”

“புள்ள, போன வெளிய நீட்டு. மழச் சத்தத்தக் கொஞ்சம் கேக்கணும்.”

தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் போனில் இரைந்தது. ஹவா எழுந்து வந்து என்ன சத்தம் என்று கேட்டாள். தன் ஊர் மழை என்றார். அவள் தன்னையறியாமல் வானத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு அவரால் போனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை.

றிஸ்கான் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டான். “அது அவங்கட தலையெழுத்து காக்கா, நீங்க வெளிக்கிடுங்க” என்று தம்பி முறையில் சொன்னான். வெளிக்கிடலாம். அந்த ஆற்றங்கரைச் சனங்கள் எங்கே வெளிக்கிடுவார்கள்? புறப்படும் நாள் காலையிலும் காலிதீன் அந்த வாய்க்கால் தலைப்பில்தான் கிடந்தார். நீர்யானை விட்டுவைத்த கதிர்களை ஹவாவோடு சேர்ந்து பொறுக்கி, உள்ளங்கையில் கசக்கி, காற்றில் தூற்றினார். சப்பியெல்லாம் பறந்தது. மிஞ்சியது ஒரு பிடி. அதை அவள் கையில் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

ஹவா அந்தப் பிடியை வழக்கம் போல இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைத் துணி முனையில் முடிந்தாள். மற்றப் பாதியை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

“உங்கள் ஊரில்தான் மழை பெய்கிறதே. இதை அங்கே விதையுங்கள். முளைத்தால் பாதியை எங்களுக்கு அனுப்புங்கள்.”

காலிதீன் அந்தக் கையைத் திறக்காமலே அழுதார்.